பாமினிக்குள் பூட்டிக்கிடந்த ஊர்: எங்கள் கணனிகளின் ஒரு சிறு வரலாறு

கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன மாதம் எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் ஆண்டு நிறைவு மலர்க்குழு எங்களைத் தேடி வந்தது. கையில் ஒரு பழைய சீடி. 2002இல் அந்தப் பாடசாலை வெளியிட்ட மலரின் கோப்புகள் அதற்குள் இருக்கின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் கடற்கரைத் தெருவைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையும் அதில் உண்டு. எந்த வளவில் யார் இருந்தார்கள், எந்தக் கிணற்றில் குடிக்கத்தக்க தண்ணீர், கரைவலைத் தோணிகளை எங்கே இழுத்து ஏற்றினார்கள், மருதமுனைத் தறிகளுக்கு நூல் எந்த வழியால் வந்தது என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். அச்சடித்த மலர்களில் பெரும்பகுதி கடற்கரைப் பக்கத்து வீடுகளில்தான் இருந்தன. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு ஒரு பிரதிகூட யாரிடமும் இல்லை. எழுதியவரும் இப்போது உயிருடன் இல்லை.

சீடியைப் புதிய கணனியில் போட்டோம். கோப்புகள் தெரிந்தன, திறக்கவில்லை. ஒன்றை வலிந்து திறந்தபோது வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது. கூட வந்த இளம் ஆசிரியர், "சேர், இது கரப்ட் ஆகிட்டு, விடுங்க" என்றார்.

கரப்ட் ஆகவில்லை. அது பாமினி. இன்றைய பிள்ளைகளுக்கு இது தெரியாது என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. இந்தப் பதிவு அதற்காகத்தான்.

எங்களைப் பற்றி ஒரு வரி. நாங்கள் மூன்று பேர். ஒருவர் படிப்பிக்கிறார், ஒருவர் கணனி திருத்துகிறார், ஒருவர் கல்முனையில் டைப்செட்டிங் செய்தவர். படித்துப் பட்டம் எடுத்த கணனிக்காரர் யாரும் இல்லை. 1999இலிருந்து இது எங்கள் பைத்தியம், அவ்வளவுதான். பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

கதை கணனியிலிருந்து தொடங்கவில்லை, தட்டச்சுப் பொறியிலிருந்து தொடங்குகிறது. தமிழுக்கு 247 எழுத்து. பொறியில் இருப்பதோ ஐம்பதுக்கும் குறைவான விசைகள். தொழில் தேடி மலாயா, சிங்கப்பூர் பக்கம் போன யாழ்ப்பாணத்தவரான இரா. முத்தையா இந்தக் கணக்கோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டித் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார், ஜேர்மனியில் அதைச் செய்வித்தார். எழுத்தைத் துண்டு துண்டாக உடைப்பதுதான் வழி. கொம்பு ஒரு விசை, அரவு ஒரு விசை, புள்ளிக்கு ஒரு விசை. துண்டுகள் தாளில் ஒன்றுசேர்ந்தால் 'கொ' என்று கண்ணுக்குத் தெரியும். பொறிக்கு அது 'கொ' என்று தெரியத் தேவையில்லை. தாளில் சரியாக விழுந்தால் வேலை முடிந்தது.

இதை மனதில் வையுங்கள். பிறகு வந்த கோளாறு எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

வீட்டுக் கணனியில் தமிழ் 1980களிலேயே வந்துவிட்டது. கனடாவில் ஸ்ரீநிவாசன் என்பவர் 1984இல் 'ஆதமி'யைச் செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசைத் தொடங்கினார். 1990களில் சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைத் தந்தார், 1998 பொங்கலோடு மதுரைத் திட்டத்தையும் தொடங்கி வைத்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995 ஒக்டோபரில் தமிழை இணையத்தில் ஏற்றினார். அவர் ஓர் ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர். எங்கள் தொழில்காரர் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை.

ஆனால் இவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனிக் குறியீட்டில் வேலை செய்தார்கள். வேறு வழியும் இருக்கவில்லை. அன்றைய கணனிக்கு எழுத்து என்றால் ஆங்கிலந்தான். ஆங்கில எழுத்து இருந்த இடத்தில் தமிழ் வடிவத்தைக் கீறி வைத்தார்கள். எந்த இடத்தில் எந்த வடிவம் என்பது ஆளுக்கொரு விதம்.

எங்கள் நாட்டில் வென்றது பாமினி. கல்முனையிலும் சரி, மட்டக்களப்பிலும் சரி, கொழும்பிலும் சரி, அச்சகத்துக்குப் போனால் பேஜ்மேக்கரும் பாமினியும். கலியாணக் காட், ஜனாஸா அறிவித்தல், தவணைப் பரீட்சைத் தாள், நோன்பு நேர அட்டவணை, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அதில்தான். பாண்டிருப்புத் தீப்பள்ளயத்து நோட்டீஸையும் பள்ளிவாசல் கந்தூரி நோட்டீஸையும் ஒரே கொமியுனிகேஷன் கடையில், ஒரே பாமினியில் அடித்துக் கொடுத்த காலம் அது.

பாமினி எப்படி வேலை செய்தது? 'தமிழ்' என்று எழுத ஆங்கில விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளை அடிக்க வேண்டும். திரையில் தமிழ் தெரியும். ஆனால் கணனி சேமித்து வைப்பது அந்த நாலு ஆங்கில எழுத்தையும் ஒரு அரைப்புள்ளியையும்தான். பாமினி என்பது ஒரு சட்டை. சட்டையைக் கழற்றினால் உள்ளே ஆங்கிலம். அந்த எழுத்துரு இல்லாத கணனிக்குக் கோப்பு போனால் சட்டை கழன்றுவிடும். நாங்கள் சீடியில் பார்த்தது அதைத்தான்.

இதன் விளைவைப் பாடசாலையில் ஒவ்வொரு ஜனவரியும் அனுபவித்தோம். எக்ஸலில் மாணவர் பெயர்களை அகர வரிசைப்படுத்து என்றால் யாஸீன் முதலில் வருவார். அடுத்து நஸீரா, பிறகு கமால், பரீதா, தாஹிர், மர்யம். அதற்குப் பிறகுதான் அஹமட்! காரணம் இலகு. பாமினியில் 'ய' இருப்பது ஏ விசையில், 'ந' ஈ விசையில், 'க' எஃப் விசையில், 'அ' எம் விசையில். கணனி ஆங்கில நெடுங்கணக்கைச் சரியாகத்தான் அடுக்கியது. அது தமிழ் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. வரவு இடாப்பைக் கையால் மாற்றி எழுதி அலுத்துப்போவோம்.

இப்போது பாமினியைத் திட்டுவது இலகு. நாங்கள் திட்டமாட்டோம். வின்டோஸ் 95 கணனியிலும் 98 கணனியிலும், 32 எம்பி ராமிலும் அது ஓடியது. ஒரு சிறிய கோப்பை ஃப்ளொப்பியில் கொண்டுபோய்ப் போட்டால் அந்தக் கணனிக்குத் தமிழ் வந்துவிடும். யுத்த காலத்தில் எங்கள் ஊர்களில் தமிழ் அச்சைக் காப்பாற்றியது அதுதான். பிழை பாமினியில் இல்லை. கணனியைத் தட்டச்சுப் பொறியாகவே இருபது வருடம் நாங்கள் பாவித்தோமே, அதில்தான் பிழை. தாளில் சரியாக விழுந்தால் போதும் என்று நினைத்தோம். தாள் போன பிறகு என்ன மிஞ்சும் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் வெளியூர்களில் இருந்தார்கள். 1991இல் வந்த யுனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கப்பட்டது. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு இஸ்கி குறியீட்டைப் பின்பற்றிய அமைப்பு அது. ஆனால் அதைக் காட்டத் தெரிந்த கணனி இருக்கவில்லை. ஆகவே இடைக்காலத்துக்கு ஒரு பொதுக் குறியீடு வேண்டும் என்று இணையத்தில் கூடிப் பேசித் 'திஸ்கி'யை உருவாக்கினார்கள். 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பெப்ரவரியில் சென்னையிலும் மாநாடு நடந்தது. சென்னை மாநாடு 'தமிழ்99' விசைப்பலகையையும் 'தாப்', 'தாம்' என்ற இரண்டு குறியீடுகளையும் தந்தது. ஒன்றாக்கக் கூடிய இடத்தில் இரண்டு பிறந்தன, திஸ்கியோடு மூன்று. கோவிந்தசாமி அதே 1999இல் காலமானார்.

2000 பெப்ரவரியில் வின்டோஸ் 2000 வந்தது. தமிழ் யுனிகோடை உள்ளேயே வைத்து, 'லதா' என்ற எழுத்துருவோடு வந்த முதல் வின்டோஸ் அது. அடுத்த வருடம் எக்ஸ்பி. எக்ஸ்பியில் தமிழ் இருந்தது, ஆனால் உறங்கிக்கொண்டிருந்தது. கொன்ட்ரோல் பெனலுக்குள் போய், சிக்கலான எழுத்து மொழிகளுக்கான பெட்டியில் சரி அடையாளம் போட வேண்டும். உடனே அது வின்டோஸ் சீடியைக் கேட்கும். கடையில் வாங்கிய கள்ள சீடிகள் சிலவற்றில், இடம் மிச்சம் பிடிக்க அந்தப் பகுதியையே வெட்டி எறிந்திருந்தார்கள். ஊரில் ஒரு முழுமையான சீடி எங்கள் மூவரில் ஒருவரிடம் இருந்தது. அது வீடு வீடாகப் போய் வந்தது.

அந்த நேரத்தில்தான் சுனாமி வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். நாட்டிலேயே அதிக இழப்பு இங்கேதான்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, முகாம் ஒன்றில் பெயர்ப்பட்டியல் அடிக்க எங்களைக் கூப்பிட்டார்கள். ஜெனரேட்டரில் ஒரு கணனி. பல முகாம்களிலிருந்து ஃப்ளொப்பிகள் வந்தன. ஒன்று பாமினி, ஒன்று வேறு எழுத்துரு, ஒன்று ஆங்கிலம். ஆங்கிலத்திலும் மர்யம் என்ற பெயருக்கு நாலு விதமான எழுத்துக்கூட்டல். ஒரு உம்மம்மா வந்து பேரனின் பெயரைச் சொன்னார். தேடினோம், இல்லை என்றது கணனி. ஒரே எழுத்துருவில் அடித்த கோப்பென்றால் தேடிப் பிடிக்கலாம். வேறு எழுத்துருவில் அடித்திருந்தால் பெயர் கண் முன்னால் இருந்தாலும் கணனிக்கு அது வேறு சொல். கடைசியில் எல்லாப் பட்டியலையும் அச்சடித்துத் தரையில் பரப்பி, விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தோம். 'இல்லை' என்று கணனி சொன்ன பெயர்களில் சில தாளில் இருந்தன. அந்தப் பேரனின் பெயர் தாளிலும் இருக்கவில்லை.

அந்த இரவுகளுக்குப் பிறகு எழுத்துரு, குறியீடு என்பதெல்லாம் எங்களுக்கு வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை.

அதே வாரங்களில் கொழும்பில் இலங்கை மென்பொருள் தொண்டர்கள் கூடி 'சஹானா' என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனவர்களைத் தேடுவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அதைத் திறந்த மூல மென்பொருளாக உலகத்துக்கே இலவசமாக விட்டார்கள். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பாவிக்கப்பட்டது. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. இ-கலப்பை இலவசமாக வந்தது. ஆங்கில விசையில் 'அம்மா' என்று ஒலிப்படி அடித்தால் யுனிகோடில் அம்மா வந்தது. ஜேர்மனியில் வாழும் நம்மவர் சுரதா, பாமினியிலும் மற்றவற்றிலும் அடித்ததை யுனிகோடாக மாற்றும் செயலியை இணையத்தில் வைத்தார். அந்த மனிதருக்கு இலங்கைத் தமிழ் எழுத்துலகம் பட்ட கடன் பெரியது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை ஆரம்பத்தில் கட்டுரை கட்டுரையாகக் கட்டியெழுப்பியவர் இ. மயூரநாதன், நம் நாட்டவர். 2005இல் 'நூலகம்' தொடங்கியது. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் வாசிக்கலாம் என்றால் அது அவர்கள் உழைப்பு. 2008இல் இலங்கை தனது தமிழ்க் குறியீட்டுத் தரத்தை வெளியிட்டது. பழைய தட்டச்சாளர்களுக்குப் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை அதில் இடம்பெற்றது.

யுனிகோடையும் குறை சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். உண்மைதான், 'தமிழ்' என்ற சொல் பாமினியில் 5 பைட், யுனிகோடில் 15 பைட். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். உயிர்மெய்க்குத் தனி இடம் தரவில்லை என்பது இன்னொரு குறை. அதற்காகத் தமிழ்நாடு அரசு 2010இல் யுனிகோடோடு 'டேஸ்16' என்ற குறியீட்டையும் ஏற்றது. எங்கள் கட்சி இதுதான்: குறைகள் உள்ள ஒரு பொதுத்தரம், குறையே இல்லாத பத்துத் தனித்தரங்களைவிட நல்லது. கையிலிருக்கும் போனில் இன்று இந்தப் பதிவை வாசிக்கிறீர்களே, எந்த எழுத்துரு என்று கேட்டீர்களா?

இனிச் சீடிக்கு வருவோம். கோப்புகள் பேஜ்மேக்கர் 6.5இல் செய்தவை. அடோபி அந்த மென்பொருளை வளர்ப்பதை 2004இலேயே நிறுத்திவிட்டது. ஆகவே பழைய பென்டியம் 4 ஒன்றைப் பரணிலிருந்து இறக்கினோம். மதர்போர்டில் மூன்று கபாசிட்டர்கள் தலை வீங்கியிருந்தன. 2000களின் முற்பகுதியில் உலகமெங்கும் இப்படி வீங்கிச் செத்தன. அவற்றைக் கழற்றிப் புதியது பற்றவைத்தோம். எங்கள் கடற்காற்றின் உப்பில் ராம் பற்கள் கறுத்திருந்தன. பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்தோம். நாலாம் முறை எக்ஸ்பி எழுந்தது.

பேஜ்மேக்கர் திறந்தது, எழுத்துரு இல்லை என்று முறைப்பட்டது. பாமினியைப் போட்டோம். கடற்கரைத் தெரு திரையில் வந்தது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பந்தி பந்தியாக எடுத்துச் சுரதாவின் செயலியில் மாற்றினோம். இடையில் இருந்த ஆங்கிலச் சொற்களையும் அது தமிழென்று நினைத்து உளறலாக மாற்றியது. அவற்றைத் தேடிப்பிடித்துத் திருத்த இரண்டு இரவு போனது.

சும்மா கதைத்துவிட்டுப் போகாமல், இத்தனை வருடப் பைத்தியத்தில் நாங்கள் கண்ட அபிப்பிராயங்களையும் சொல்லிவிடுகிறோம். ஒத்துவராதவர்கள் கருத்தில் சண்டைக்கு வரலாம்.

1. எழுத்துரு வேறு, விசைப்பலகை வேறு. பாமினிக்குப் பழகிய விரலை மாற்றத் தேவையில்லை. என்எச்எம் ரைட்டரில் பாமினி விசையமைப்பே உண்டு. பழைய மாதிரியே அடியுங்கள், யுனிகோடாக விழும். புதிதாகப் பழகும் பிள்ளைக்குத் தமிழ்99 கொடுங்கள். வின்டோஸ் 10இல் 2019 மே பதிப்பிலிருந்து அது உள்ளேயே இருக்கிறது.

2. பீடிஎஃப் இருக்கிறதே என்று ஆறுதல்பட வேண்டாம். பாமினியில் அடித்துச் செய்த பீடிஎஃப் கண்ணுக்குத் தமிழ், தேடினால் ஆங்கிலம். மலர் செய்யும் ஒவ்வொரு குழுவும் கட்டுரைகளை யுனிகோட் வெறும் எழுத்துக் கோப்பாகத் தனியே வைத்திருக்க வேண்டும். இருக்கும் கோப்பு வகைகளுள் மிக எளியது அது. ஆகவே அதிக காலம் வாழப்போவதும் அதுதான்.

3. பழைய கணனியை வீசாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள், பத்து வருடக் கணனியும் எழுந்து நடக்கும். 2025 ஒக்டோபர் 14உடன் வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. வின்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 எங்கள் பாடசாலைக் கணனிகள் பலவற்றில் இல்லை. அவற்றில் லினக்ஸ் மின்ட் போடுங்கள். இலவசம், தமிழும் எழுதலாம், கள்ள சீடியின் பாவமும் இல்லை. 2022இல் ரூபாய் விழுந்து கணனி விலை எங்கேயோ போனபோது எங்களைக் காப்பாற்றியது இந்த வழிதான்.

4. யூபிஎஸ் ஆடம்பரம் அல்ல. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டிய நாட்டில் இதைச் சொல்லவும் வேண்டுமா? கரைப்பக்கம் இருப்பவர்கள் கணனியைக் கடலைப் பார்த்த யன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையால் இறுக மூடவும் வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கும். பருத்தித் துணி போதும். எங்கள் மருதமுனைத் தறித்துணி இருக்கிறதே.

5. ஒரு பிரதி என்றால் பிரதி இல்லை என்று அர்த்தம். வீட்டில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று, இணையத்தில் ஒன்று. எங்களில் ஒருவருடைய ஹார்ட் டிஸ்க் ஒன்று ஒரே இரவில் செத்து, நாலு வருடப் படங்களைக் கொண்டுபோன பிறகுதான் இந்தப் புத்தி வந்தது.

அந்தக் கட்டுரை இப்போது யுனிகோடில் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று விதித்ததில், தப்பியவர்களும் அந்தத் தெருவை விட்டுப் போனார்கள். அவர் எழுதிய வளவுகள் பலவற்றில் இன்று மணல்தான். மலர்க்குழு கட்டுரையை மறுபடி அச்சிடுகிறது. எழுதியவரின் மகளுக்குக் கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினோம். அன்றிரவே பதில் வந்தது. தேடும் பெட்டியில் தன் மூத்தம்மாவின் பெயரை எழுதிப் பார்த்தாராம். இரண்டு இடத்தில் வந்ததாம், ஒன்று வீடு, மற்றது கிணறு.

உங்கள் வீட்டு அலுமாரிகளில் ஃப்ளொப்பி, சீடி, ஓடாத ஹார்ட் டிஸ்க் ஏதும் கிடந்தால் வீசிவிடாதீர்கள். பள்ளிவாசல் மலரோ, கோயில் மலரோ, விளையாட்டுக் கழக மலரோ, வாப்பா எழுதிய கவிதையோ, என்னவாக இருந்தாலும் கொண்டு வாருங்கள். காசு வேண்டாம். சீடிக்கும் வயது போகிறது, எங்களுக்கும் போகிறது. பாமினி தெரிந்த கண்கள் ஊரில் இருக்கும்போதே இந்த வேலையை முடிப்போம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் முதல் கணனி எது, முதலில் தமிழில் என்ன அடித்தீர்கள் என்று கருத்தில் எழுதுங்கள். வாசிக்க ஆசையாக இருக்கிறோம்.